ரெண்டு பனடோலும் ஒரு கூடைக் கொழுந்தும்

நுவரெலியாவுக்கு டூர் போனவர்கள் கையைத் தூக்குங்கள். கிரகரி வாவியில் படகு, விக்டோரியா பூங்காவில் செல்ஃபி, ஸ்ட்ரோபெரி ஐஸ்கிறீம், திரும்புகிற வழியில் ஒரு கட்டு லீக்ஸ். சரிதானே? வலி போக்கும் மருந்தின் கதையும் இந்த ஊரின் கதையும் ஒரே வீட்டுச் சங்கதி என்று அங்கே எவராவது உங்களுக்குச் சொன்னார்களா? சொல்லியிருக்க மாட்டார்கள். கைடுக்குப் பந்தயக் குதிரையின் மேல்தான் கவனம்.

1819இல் இந்தக் குளிர்ச் சமவெளிக்கு ஏறி வந்து குறிப்பெழுதிக்கொண்டு போனவர் ஜோன் டேவி, பட்டாளத்து டொக்டர். கண்டி ராச்சியத்து ஜனங்கள் அதற்கு முன்பே போய்வந்த இடம்தான். ஆனால் இங்கிலீஷில் எழுதும்வரை ஓர் ஊர் கண்டுபிடிக்கப்பட்டதாகக் கணக்கில்லை. 1821இல் இலங்கையின் உட்பகுதி பற்றி ஒரு தடித்த புத்தகமும் போட்டார். இவ்வளவும் செய்தும் மனுஷனுக்கு ஊரில் ஒரே அடையாளம்தான்: ஹம்ப்ரி டேவியின் தம்பி.

அண்ணன் பெரிய ஆள். சுரங்க விளக்கு செய்த அதே டேவி. 1799இல், இருபது வயதில், நைட்ரஸ் ஒக்சைடு என்ற வாயுவைத் தானே இழுத்துப் பார்த்தார். சிரிப்பு வந்தது. கூடவே பல் ஈறு வலி பறந்து போனது. உடனே நண்பர்களான கவிஞர்கள் கோல்ரிட்ஜையும் சதேயையும் கூப்பிட்டு அவர்களுக்கும் இழுக்கக் கொடுத்தார். 1800இல் எழுதிய புத்தகத்தில், இதை அறுவைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் போலிருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வரியும் எழுதினார். எழுதிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார். 1844இல் ஓர் அமெரிக்கப் பல் டொக்டர் அதைக் கையில் எடுக்கும்வரை, நாற்பத்துச் சொச்சம் வருஷம், உலகம் முழுக்க ஜனங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை வெட்டிக்கொண்டார்கள். சனிக்கிழமைப் பார்ட்டிக்கு மட்டும் வாயு தாராளமாகக் கிடைத்தது.

தம்பியும் சளைத்தவர் இல்லை. 1812இல் பொஸ்ஜீன் என்ற வாயுவை முதன்முதலில் செய்து காட்டியவர் அவர்தான். நூறு வருஷம் கழித்து முதலாம் உலகப் போரில் பதுங்கு குழிகளில் ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது அந்த வாயு. ஒரே வீட்டில் மூத்தவன் கையில் சிரிப்பு வாயு, இளையவன் கையில் கொலை வாயு. அந்த அம்மாவை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது.

இப்படி டேவி குடும்பம் கைவிட்ட வலி நிவாரணத்தை, நுவரெலியாவை வைத்தே சரிக்கட்டப் பார்த்தார் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ். மருந்து என்ன? குளிர் காற்று. 1820களின் கடைசியில் ஊரையே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கான சானடோரியமாக ஆக்கினார். தனக்கும் ஒரு வீடு கட்டிக்கொண்டார். இன்றைக்கு கிராண்ட் ஹோட்டலாக நிற்பது அதன் வாரிசு. இடுப்பு வலிக்கு அங்கே ஒரு ராத்திரி தங்கிப் பாருங்கள். காலையில் பில்லைப் பார்த்ததும் இடுப்பு மறந்துவிடும்.

1847இல் காய்ச்சலில் நொந்துபோய் இங்கே வந்து தேறியவர் சாமுவேல் பேக்கர். பிற்காலத்தில் நைல் நதிக்கு மூலம் தேடிப்போன மகா சாகசக்காரர். பதினைந்து நாள் குளிர் காற்று பட்டதும் அவருக்குத் தெம்பு எங்கே ஏறியது என்கிறீர்கள்? மண்டைக்கு. மறுவருஷமே இங்கிலாந்தைப் பெயர்த்துக்கொண்டு வந்து இறங்கினார்: வேட்டை நாய்கள், சீமைப் பசுக்கள், கொல்லர், மேற்பார்வைக்காரர், ஒரு கோச் வண்டி. ரம்பொடைக் கணவாயில் குதிரைக்காரர் வண்டியைச் சுக்குநூறாக்கினார். மிச்சத்தை ஏற்ற அரசாங்க யானை அனுப்பப்பட்டது. அதே குதிரைக்காரர் அதன் மேலும் ஏறி மலையில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார். யானை செத்தது. ஆரோக்கியத்தைத் தேடி வந்த ஒருத்தருக்காக ஓர் ஆனையே போய்ச் சேர்ந்த ஊர் உலகத்தில் வேறு உண்டா?

சுமக்கிறவர்கள் விஷயத்துக்கு வருவோம். மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து, பாதி வழியில் செத்தவர்கள் போக மிச்சம் கோப்பித் தோட்டத்து வேலைக்கு மலையேறிய தமிழ்நாட்டு ஜனங்களுக்கும் அதே குளிர் காற்று ஓசியில்தான் கிடைத்தது. ஆனால் அவர்களுக்கு அது மருந்தாக வேலை செய்யவில்லை. மூட்டைப் பிடித்தது. போர்த்திக்கொள்ள ஒரு கம்பளி கொடுத்தார்கள். பரவாயில்லையே என்று நெகிழ்ந்துவிடாதீர்கள். கம்பளிக்கான காசு கணக்குப் புத்தகத்தில் பற்று.

அவர்களுக்கு நோவு வந்தால் யார் பார்ப்பது? துரைதான். இருபத்திரண்டு வயது ஸ்கொட்லாந்துப் பையன், நேற்றுத்தான் கப்பலிலிருந்து இறங்கியவன், இன்றைக்குக் காலையில் நீதிபதி, மத்தியானம் எஞ்சினியர், சாயங்காலம் டொக்டர். பங்களாவில் ஒரு மருந்துப் பெட்டி இருக்கும். அதற்குள் விளக்கெண்ணெய், பேதியுப்பு, கொயினா. வயிற்று வலிக்கு விளக்கெண்ணெய். தலைவலிக்குப் பேதியுப்பு. இடுப்பு வலிக்கு? முதலில் விளக்கெண்ணெய், கேட்கவில்லையென்றால் பேதியுப்பு. இந்த வைத்தியத்தில் ஒரு நுட்பம் இருந்தது: மருந்தைக் குடித்துப் பழகியவர்கள் மறுபடி நோவு என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார்கள்.

1872இல் அரசாங்கத்துக்கே மனசு கேட்காமல், தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி செய்தாக வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டது. செலவு தோட்டக்காரர்கள் தலையில். அடேயப்பா, அதற்கு வந்த எதிர்ப்பைப் பார்க்க வேண்டும்! ஆனை செத்தபோதுகூட அவ்வளவு ஒப்பாரி கேட்கவில்லை. சட்டத்தைத் திருத்தினார்கள், மாற்றினார்கள், 1912இல் புதிதாக ஒன்று கொண்டுவந்தார்கள். இந்த இழுபறியிலிருந்து முளைத்ததுதான் இன்றைக்கும் மலைகளில் நிற்கும் தோட்டத்து டிஸ்பென்சரி. கண்ணாடிப் போத்தல் வரிசை, ஒரு மேசை, ஒரு பெஞ்சு, உள்ளே ஒரு டிஸ்பென்சர் ஐயா. நம் ஜனங்கள் அவருக்குத் தாராளமாக டொக்டர் பட்டம் கொடுத்தார்கள். பல்கலைக்கழகங்கள் கொடுக்கிற கௌரவப் பட்டங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம், அவர் ஊசியாவது போடுவார்.

அந்தக் கொயினாவுக்கு ஒரு கிளைக்கதை உண்டு. கொயினா வருவது சிங்கோனா மரப்பட்டையிலிருந்து. பெரு நாட்டு வைஸ்ராயின் மனைவி, சின்சோன் சீமாட்டி, காய்ச்சலில் கிடந்தபோது இந்தப் பட்டைதான் காப்பாற்றியது, அதனால்தான் மரத்துக்கு அவர் பேர் என்று உலகமே நம்பியது. விதையைத் தென்னமெரிக்காவிலிருந்து கொண்டுவரும் வேலையை முன்நின்று நடத்திய கிளெமென்ட்ஸ் மார்க்கம், 1874இல் அந்தச் சீமாட்டி ஆனா தெ ஒசோரியோவின் புகழ் பாடி ஒரு புத்தகமே எழுதினார். பிரச்சினை ஒன்றே ஒன்று. அந்த அம்மாள் 1625லேயே ஸ்பெயினில் காலமாகிவிட்டார். புருஷன் வைஸ்ராயாகப் பெருவுக்குப் போனபோது கூடப் போனது இரண்டாந்தாரம். அவருக்கோ அந்தக் காய்ச்சலே வந்ததற்குச் சாட்சி இல்லை. ஆக, கப்பலே ஏறாத ஒருத்தருக்கு, வராத காய்ச்சலைக் குணமாக்கியதற்காக, ஒரு மரம் பேர் வாங்கிக்கொண்டது.

1861இல் ஹக்கலையில் தோட்டம் போட்டதே இந்தச் சிங்கோனாவை வளர்த்துப் பார்க்கத்தான். இன்றைக்கு அங்கே ரோஜாவுக்கு முன்னால் நின்று கல்யாண ஆல்பம் எடுக்கிறோம். 1869இல் கோப்பி இலையில் துருநோய் விழுந்து துரைமார் திவாலானபோது, ஆளாளுக்குச் சிங்கோனா நட்டார்கள். எல்லாரும் நட்டார்கள். எல்லாரும் ஒரே சமயத்தில் உரித்தார்கள். லண்டன் சந்தையில் பட்டை மலைமலையாகக் குவிந்து 1880களில் விலை தரையைத் தொட்டது. ஒருத்தர் கரட் போட்டு லாபம் பார்த்தால் ஊரே கரட் போட்டு வீதியில் கொட்டுகிறோமே, அந்தக் கலை நுவரெலியாவுக்கு இன்று நேற்று வந்ததல்ல.

சிங்கோனாவைச் சீக்கிரமே நட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் லூல்கந்துரையின் ஜேம்ஸ் டெய்லர். 1867இல் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டு, தேயிலைக்கு அப்பா ஆன அதே டெய்லர். வாழ்க்கையில் எடுத்த ஒரே லீவு 1874இல். அதற்கும் எங்கே போனார் தெரியுமா? டார்ஜீலிங்குக்கு, தேயிலை பார்க்க. 1892இல் வயிற்றுக் கடுப்பில், அதே தோட்டத்தில் காலமானார். எடை 246 இறாத்தல், நம் கணக்கில் ஏறக்குறைய 112 கிலோ. கண்டிக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்ய வேண்டும். பன்னிரண்டு பேராக இரண்டு கூட்டம், நாலு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, மலைப்பாதையில் சுமந்துகொண்டு போனார்கள். சரித்திரப் புத்தகங்களில் டெய்லரின் கடைசி நோவுக்கு ஒரு பந்தி உண்டு. மறுநாள் காலை அந்த இருபத்துநாலு தோள்களுக்கு யார் என்ன தடவினார்கள் என்று ஒரு வரி கிடையாது.

அடுத்த சீனில் வருகிறவர் அமெரிக்கக் கோடீஸ்வரர் ஜோன் டி. ராக்ஃபெல்லர். அவர் எங்கே நம் மலைக்கு? நேரில் இல்லை, மருந்தாக வந்தார். தோட்டத்து ஜனங்கள் எப்போதும் சோர்ந்து, கைகால் அசந்து, மூச்சு வாங்கியதற்குச் சோம்பல்தான் காரணம் என்று துரைமார் தீர்ப்பெழுதியிருந்தார்கள். உண்மையில் குடலில் கொக்கிப்புழு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிறவரின் பாதத்துத் தோலைத் துளைத்து ஏறும் புழு. அதை ஒழிக்க 1916 வாக்கில் ராக்ஃபெல்லர் நிறுவனம் மாத்தளைப் பக்கத்துத் தோட்டங்களில் இறங்கியது.

இதில் நான் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. ராக்ஃபெல்லரின் அப்பா வில்லியம், ஊர் ஊராகப் போய்ப் போலி மருந்து விற்றவர். டொக்டர் என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டு புற்றுநோய்க்கே மருந்து தருவதாகச் சொல்லிக் காசு பார்த்தவர். மகன் மண்ணெண்ணெய் விற்று உலகத்திலேயே பெரிய பணக்காரரானார். அந்தப் பணத்தில் தோட்டத்து ஜனங்களுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து என்ன? கெனோபோடியம் எண்ணெய். பட்டினி போட்டு, எண்ணெயைக் கொடுத்து, பேதியுப்பும் கொடுத்துக் கழுவுவது. அளவு கொஞ்சம் மிஞ்சினால் மருந்தே நஞ்சு. காலைப் பெரட்டில் வேலைக்குப் பேர் கூப்பிடுவது போலவே வரிசையில் நிறுத்திக் கொடுத்தார்கள். ஒரு குடும்பம் எண்ணெயை விடவில்லை பாருங்கள்.

புழு என்னவோ விழுந்தது. ஆனால் மலசலகூடம் இல்லாவிட்டால் அது திரும்ப ஏறும் என்று அமெரிக்க டொக்டர்மார் தலைபாடாக அடித்துக்கொண்டார்கள். மருந்து கொடுப்பதில் துரைமாருக்கு ஆட்சேபணை இல்லை, சீக்கிரம் முடிந்தால் சரி. கக்கூஸ் கட்டச் சொன்னதும்தான் பலருக்குக் காது அடைத்துக்கொண்டது. ஆகவே ஜனங்கள் மருந்து குடித்துவிட்டு, அதே மண்ணில், அதே வெறுங்காலோடு நடந்து, அடுத்த ரவுண்டு மருந்துக்குத் தயாரானார்கள். இன்றைக்கு நாம் சப்ஸ்கிரிப்ஷன் என்கிறோமே, அது.

இதற்குக் கொஞ்சம் முன்பே ஜெர்மனியில் சாயப்பட்டறைக்காரர்கள் வலி மருந்து செய்யத் தொடங்கியிருந்தார்கள். ஆமாம், சாயப்பட்டறைதான். பேயர் கம்பெனியின் முற்றத்தில் டன் கணக்கில் ஒரு வேதிக் கழிவு கிடந்தது. வீசுவானேன் என்று அதிலிருந்து 1880களில் பெனாசிட்டின் என்ற வலி மாத்திரையைச் செய்தார்கள். நன்றாக விற்றது. 1897இல் அதே கம்பெனியில் பீலிக்ஸ் ஹொஃப்மன், இரண்டே வாரத்துக்குள் இரண்டு பொருள்களைச் செய்தார். ஒன்று அஸ்பிரின். மற்றது ஹெரோயின். மருந்துகளைச் சோதித்த ஹைன்ரிக் டிரேசர் பொறுப்பாக உட்கார்ந்து யோசித்தார். அஸ்பிரின் இதயத்தைக் கெடுக்கும், வேண்டாம் என்று ஓரமாக வைத்தார். ஹெரோயின் அருமை, இருமலுக்குக் கொடுக்கலாம் என்று முதலில் அதைத்தான் கடைக்கு அனுப்பினார். இன்றைக்கு இதயத்தைக் காப்பாற்ற அஸ்பிரின் எழுதிக்கொடுக்கிறார்கள். ஹெரோயினை யார் எழுதிக்கொடுக்கிறார்கள் என்று நீங்களே கேட்டுப் பாருங்கள். பொலிஸ் பக்கத்தில் இல்லாதபோது.

ஹொஃப்மன் அஸ்பிரின் செய்தது, மூட்டு வாதத்தில் துடித்த அப்பாவுக்காக என்று ஓர் உருக்கமான கதை சொல்வார்கள். எனக்கும் கண் கலங்கும். ஆனால் இந்தக் கதை அச்சில் தலைகாட்டியதே 1934இல்தான், ஹிட்லர் ஆட்சிக்கு வந்த பிறகு. ஹொஃப்மனுக்கு மேலிருந்து அந்த வேலையைச் செய்யச் சொன்னது நானே என்று ஆர்தர் ஐகன்கிருன் 1949இல் எழுதினார். அவர் யூதர். 1934இல் அவர் பேரைச் சொல்ல முடியாது. அப்பாவின் மூட்டு வலியைச் சொல்லலாம்.

பெனாசிட்டின் கதை இன்னும் மோசம். சுவீடனில் ஹுஸ்க்வார்னா என்ற தொழிற்சாலை ஊரில் 1918 இன்புளுவென்சாவின்போது ஒரு டொக்டர் பெனாசிட்டினும் கஃபீனும் கலந்த பொடி கொடுத்தார். காய்ச்சல் போய்விட்டது, பொடி போகவில்லை. அதைப் போட்டால் வேலை வேகமாக நடக்கிறது என்று தொழிலாளர்கள் வருஷக்கணக்காக விழுங்கினார்கள். பிற்பாடு ஒவ்வொருத்தராகக் கிட்னி போய்ச் செத்தார்கள். உடம்பு சொல்வதைக் கேட்காமல் உடம்பை ஓட்டுவதற்குப் பொடி. அந்தப் பொடியில் ஊக்கம் கொடுத்த கஃபீன் இருக்கிற சரக்கைத்தான் நம்மவர்கள் கூடை கூடையாகப் பறித்து வெளிநாட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

பெனாசிட்டினுக்குப் பதிலாக வந்ததுதான் நம் கதாநாயகன் பரசிட்டமோல். இது புதுசு என்று நினைக்காதீர்கள். 1878லேயே செய்தாயிற்று. 1893இல் ஜோசப் ஃபொன் மேரிங் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்துவிட்டு, இது இரத்தத்தைக் கெடுக்கிறது என்று தவறாகக் கணித்து மூடி வைத்தார். அரை நூற்றாண்டு அலமாரியில் தூங்கியது. 1940களின் கடைசியில் அமெரிக்காவில் பிரோடியும் அக்செல்ராடும் தூசி தட்டி எடுத்தார்கள். 1956இல் இங்கிலாந்தில் பனடோல் என்று பேர் வைத்து விற்பனைக்கு வந்தது. பெரிய புரொபசர் ஒருத்தர் ஒரு தப்புக் கணக்குப் போட்டால் உலகத்தின் தலைவலி அறுபது வருஷம் நீடிக்கும்.

இலங்கைக்கு வந்த பனடோல், இங்கே மாத்திரையாக மட்டும் இருக்கவில்லை. காய்ச்சல், தலைவலி, தடிமன், இடுப்புக் கடுப்பு, மாமியார் வருகை, எல்லாவற்றுக்கும் அதுவே. தோட்டத்து டிஸ்பென்சரிகளைப் பற்றி மலையகத்தில் தலைமுறை தலைமுறையாக ஓடுகிற ஜோக் ஒன்று உண்டு: காலை ஒடித்துக்கொண்டு போனாலும் ரெண்டு பனடோல், கையை ஒடித்துக்கொண்டு போனாலும் ரெண்டு பனடோல். காலும் கையும் சேர்ந்து ஒடிந்தால்? அப்போதும் ரெண்டுதான், ஸ்டொக் அவ்வளவுதான்.

இந்த ராஜ்யத்தை எதிர்த்து ஒருவர் புறப்பட்டார். பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனை மருத்துவபீடத்தின் முதல் பீடாதிபதி. ஒரே மருந்தை நாற்பது கம்பெனிகள் நாற்பது பேரில், நாற்பது விலையில் விற்கின்றனவே, மருந்தின் சொந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் பாதி விலைக்கு வாங்கலாமே என்றார். 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் பிறந்தது, அவர்தான் முதல் தலைவர். ஆயிரக்கணக்கில் இருந்த மருந்து வகைகளைச் சில நூறாக வெட்டினார். பன்னாட்டுக் கம்பெனிகள் கொதித்தன. மூன்றாம் உலக நாடுகள் எல்லாம் அவரைக் கூப்பிட்டு யோசனை கேட்டன. 1977இல் கயானாவில் அப்படி யோசனை சொல்லப் போன இடத்திலேயே காலமானார்.

மெய்யாகவே பெரிய மனுஷன். அவரைப் பற்றிக் கிண்டல் பண்ண எனக்கு வாய் வரவில்லை. ஆனால் நடந்ததைச் சொல்லத்தானே வேண்டும்? ஹட்டன் பார்மசியில் போய் நின்று பாருங்கள். லயத்திலிருந்து வந்த ஆயாவிடம் பையன் பரசிட்டமோல் கார்டை நீட்டுகிறான். ஆயா வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். "இது வேணாந்தம்பி, பனடோலு குடு." ரெண்டும் ஒண்ணுதான் ஆயா என்கிறான். "ஒண்ணுன்னா அதயே குடேன்." பன்னாட்டுக் கம்பெனிகளை மடக்கிய பேராசிரியர் இந்த ஒரு வாக்கியத்துக்கு முன்னால் தோற்றுப்போனார்.

மாத்திரை ஒருபக்கம், பூச்சு ஒருபக்கம். காசிநாதுனி நாகேஸ்வர ராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கியபோது யாரும் வாங்கவில்லை. மனுஷன் சங்கீதக் கச்சேரிகளுக்குப் போய் ஓசியில் கொடுத்தார். தலைவலி உறுதியாகக் கிடைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்த அந்த மார்க்கெட்டிங் அறிவுக்குக் கோயில் கட்டலாம். மலையில் சித்தாலேபவும் கோடாலித் தைலமும்தான் ராஜா. மழைக்காலச் சாயங்காலத்தில் லயத்துப் பக்கம் நடந்து பாருங்கள். காம்பராவுக்குக் காம்பரா விறகுப் புகையும் தைல வாசமும்தான். பூச்சுக்கும் கேட்காத உடம்பு வலி என்று சொல்லித்தான் ஆண்கள் தவறணைக்குக் கிளம்புகிறார்கள். அந்த வைத்தியத்தில் இரவோடு இரவாக வலி இடம் மாறும், புருஷனின் முதுகிலிருந்து பெண்சாதியின் முதுகுக்கு.

சரி, இன்றைக்கு வருவோம். கொழுந்து எடுக்கும் ஒரு பெண். கூடையின் கயிறு தலையில். படங்கு இடுப்பில். சரிவில் ஒரு காலை ஊன்றி, ஒரு காலைத் தொங்கவிட்டு நிற்க வேண்டும். பல தோட்டங்களில் நாளுக்கு 18 கிலோ எடுத்தால்தான் முழுப்பேர், அதாவது முழு நாள் சம்பளம்; குறைந்தால் அரைப்பேர். மழையில் நனைந்த கொழுந்தென்றால் நிறுவையில் தண்ணிக்கென்று கழிப்பார்கள். தண்ணியைச் சுமந்த கழுத்துக்கு எதுவும் கழிப்பதில்லை. இவள் டிஸ்பென்சரி பெஞ்சில் வந்து உட்காருகிறாள்.

"என்னம்மா செய்யுது?"

"இடுப்பு கடுக்குதுங்க ஐயா. கழுத்துலருந்து புடிச்சு இழுக்குது."

"எத்தன நாளா?"

"பெரியவன் வயித்துல இருக்கையிலருந்துங்க."

பெரியவன் இப்போது கொழும்பில் புடவைக் கடையில் நிற்கிறான். அவனுக்கே ரெண்டு பிள்ளைகள். மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட வலி என்கின்றன வைத்தியப் புத்தகங்கள். மூன்று மாதமாம்! இவள் கணக்கில் அது நேற்று ஆரம்பித்த வலி.

ஐயா ரெண்டு பனடோல் கொடுக்கிறார். குறை சொல்லாதீர்கள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அதேதான் தொடக்கம். வேடிக்கை என்னவென்றால், 2014இல் அவுஸ்திரேலியாவில் புதிதாக இடுப்பு வலி வந்த ஏறக்குறைய 1,650 பேரைப் பிடித்து, சிலருக்குப் பரசிட்டமோலும் சிலருக்கு வெறும் டம்மி மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். பரசிட்டமோல் சாப்பிட்டவர்கள் நடுக்கணக்கில் 17 நாளில் தேறினார்கள். டம்மி சாப்பிட்டவர்கள் 16 நாளில். அந்த ஒரு நாளை வைத்து டம்மி ஜெயித்தது என்று கொடி பிடிக்க முடியாது, வித்தியாசம் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் நம் டிஸ்பென்சரி வரிசையை நினைத்துக்கொண்டேன். காலம் காலமாக நாம் வாங்கி விழுங்கியதில் பாதி, ஐயா கையால் வாங்கினோம் என்ற நம்பிக்கைதான் போலிருக்கிறது.

பனடோல் கேட்காவிட்டால் டவுனுக்கு இறங்க வேண்டும். பார்மசியில் டைக்ளோபினாக். அது கேட்கும். நன்றாகவே கேட்கும். காலையில் ஒன்று போட்டால் முழுப்பேர் நிச்சயம். அதனால் மறுநாளும் ஒன்று. அடுத்த மாதமும். அந்த மாத்திரையை நாலைந்து நாள் சாப்பாட்டுக்குப் பிறகு போடுவது வேறு, வருஷக்கணக்கில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு மலையேறுவது வேறு. வயிறு புண்ணாகும், பிரஷர் ஏறும், கிட்னி மெல்ல மெல்லக் கணக்கை மூடும். நமக்கு சுவீடன் தூரம், ஹுஸ்க்வார்னா பக்கம்.

2021இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு ஒரு வழிகாட்டி வெளியிட்டது. வேறு நோயின் விளைவாக இல்லாமல், வலியே நோயாக நீடிப்பவர்களுக்குப் பரசிட்டமோலும் வேண்டாம், டைக்ளோபினாக் வகையும் வேண்டாம், அபின் வகை மாத்திரையைத் தொடங்கவே வேண்டாம் என்றது. பிறகு என்னதான் செய்வதாம்? உடற்பயிற்சி செய்யட்டும், மனசுக்கு ஆலோசனை கொடுங்கள், சிலருக்கு மனச்சோர்வு மாத்திரையில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கலாம், அக்குபங்சரும் பார்க்கலாம் என்றது. இருநூறு வருஷமாக விளக்கெண்ணெயும் கெனோபோடியமும் பனடோலும் கொடுத்துவிட்டுக் கடைசியில் வந்து, வலியோடு வருகிறவரிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள் என்கிறது. டிஸ்பென்சரி வரிசையில் நாற்பது பேர் நிற்கும்போது ஐயா யாரோடு உட்கார்ந்து பேசுவார்?

ஆனால் சில டொக்டர்மார் பேசத்தான் செய்கிறார்கள். நம் பெண்ணும் ஒருநாள் கைக்காசை முடிந்துகொண்டு டவுனில் ஒரு டொக்டரிடம் போனாள். நல்ல பையன், பொறுமையாகக் கேட்டான். நெஞ்செரிச்சல் இருக்கிறதா என்றான். இருக்குதுங்க. டைக்ளோபினாக்கை நிறுத்தச் சொல்லி, வயிற்றுக்கு ஒமிபிரசோல் எழுதினான். முதுகுக்கு ஒரு பயிற்சியைப் படம் போட்டுக் காட்டினான். பாரம் தூக்க வேண்டாம் என்றான். தினமும் அரை மணித்தியாலம் நடந்தால் நல்லது என்றான். அவள் சிரிக்காமல் தலையாட்டினாள். கடைசியாகக் கேட்டான், ஒரு நாளைக்கு எத்தனை தரம் சாயத்தண்ணி குடிக்கிறீங்கம்மா? காலம்பற பெரட்டுக்கு முந்தி ஒண்ணு, பத்து மணிக்கு மலையில ஒண்ணு, பகலுக்கு ரொட்டியோட ஒண்ணு, அந்திக்கு ரெண்டு.

"அதான் வயித்தக் கெடுக்குது. தேயிலையக் கொஞ்சம் கொறச்சுக்கணும், அம்மா."

"சரிங்க ஐயா. குடிக்கிறதயா, பறிக்கிறதயா?"